நின்றுபோன நடையை மறுபடியும் தொடங்குவது எப்படி?

வீட்டு வாசலில் சப்பாத்து அடுக்கும் இடத்தை ஒருமுறை பாருங்கள். அடித்தட்டில், பின்பக்கமாக, ஒரு ஜோடி விளையாட்டுச் சப்பாத்து தூசி படிந்து கிடக்கும். வாங்கிய புதிதில் தினமும் அதைப் போட்டுக்கொண்டு தாமானைச் சுற்றி வந்திருப்பீர்கள். பிறகு ஒரு வாரம் மழை, அடுத்த வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம், அதற்கடுத்து காய்ச்சல். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டது ஏழெட்டு மாதமாகியிருக்கும். என்னுடையதை எட்டு மாதம் கழித்து எடுத்தபோது உள்ளே சிலந்தி வலை கட்டியிருந்தது.

நடைப்பயிற்சியின் நன்மைகளை நம் பத்திரிகைகள் எழுதாத நாளில்லை. அதையெல்லாம் படித்துத் தொடங்கியவர்கள்தாம் பாதியில் நிறுத்தியவர்களும். ஆகவே இந்தக் கட்டுரை, ஒருமுறை தொடங்கி விட்டுவிட்டவர்களுக்கானது. முதல் முறை தொடங்கும்போது ஆர்வம் இருக்கும். இரண்டாம் முறை ஆர்வம் பாதி, கூச்சம் பாதி. "என்ன, மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிடுவாரோ என்று நினைத்தே வாசலைத் தாண்டாதவர்கள் இருக்கிறார்கள்.

நம் சமூகத்தில் இந்தக் கூச்சத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம். சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 31 விழுக்காடு. பெரியவர்கள் பத்துப் பேர் கூடினால் மூன்று பேருக்கு இனிப்பு நீர். அதே ஆய்வு, நாட்டில் நான்கில் ஒருவருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்றும் சொன்னது.

இத்தனைக்கும் நாம் நடந்தே பிழைத்தவர்கள். என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், அங்கிருந்து காட்டுக்குப் போய், நிரை நிரையாக நானூறு ஐந்நூறு மரம். வெட்டி முடித்ததும் அதே மரங்களை மறுபடி சுற்றி பால் எடுக்க வேண்டும். பால் வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வர வேண்டும். லயத்திலிருந்து பள்ளிக்கு, கோயிலுக்கு, சாவு வீட்டுக்கு, எல்லாம் கால்நடைதான். தோட்டத்தை விட்டு பட்டணத்துத் தாமானுக்கு வந்த பிறகு அந்த நடை சத்தமில்லாமல் நின்றது. சாப்பாட்டின் அளவு மட்டும் மரம் வெட்டியவர் சாப்பிட்ட அளவிலேயே இருந்தது. "நாங்க நடக்காத நடையா? இனி என்ன தனியா ஒரு நடை?" என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும்: உடல் பழைய கணக்கைச் சேமித்து வைப்பதில்லை. இருபது ஆண்டுகள் நடந்த காலும் இரண்டு மூன்று வாரம் சும்மா இருந்தால் மூச்சின் தெம்பு குறையத் தொடங்கிவிடும். நடப்பதால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் நிலை, நடந்த நேரத்திலிருந்து ஒரு நாள், மிஞ்சினால் மூன்று நாள் வரைக்கும்தான்.

எந்த நாளில் நின்றது?

திரும்பத் தொடங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. எப்போது நின்றது, அந்த வாரம் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். "சோம்பேறித்தனம்" என்று நம்மை நாமே திட்டிக்கொள்வது சுலபம். ஆனால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் நின்றுகொண்டிருக்கும். கூட நடந்த தோழி மகள் வீட்டோடு போய்விட்டார். மூலை வீட்டு நாய் துரத்தியது. வேலை நேரம் ஷிப்டுக்கு மாறியது. வீட்டில் ஒரு சாவு விழுந்தது. காரியம் முடியும்வரை வெளியே போகவில்லை, பிறகு மனமும் வரவில்லை. 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது நிறுத்திவிட்டு இன்றுவரை திரும்பாதவர்களும் உண்டு.

காரணம் தெரியாமல் மறுபடி தொடங்கினால், அதே இடத்தில் மறுபடியும் நிற்கும். நாய்தான் காரணமென்றால் பாதையை மாற்றினால் போதும், மன உறுதி தேவையில்லை. ஷிப்டு காரணமென்றால் நேரத்தை மாற்ற வேண்டும். துக்கம் காரணமென்றால் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவரைத் தனியே நடக்கச் சொல்வதைவிட, ஒரு நாள் மாலை நாமே போய்க் கூப்பிடுவது நல்லது.

பலர் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணம், எடை குறையவில்லை என்ற ஏமாற்றம். இரண்டு மாதம் நடந்தும் நிறுவை முள் நகரவில்லை என்றால் யாருக்கும் மனம் விட்டுப்போகும். கணக்கைப் பாருங்கள். ஓரளவு உடல்வாகு உள்ளவர் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் சுமார் 130, 150 கலோரி செலவாகும். ஒரு ரொட்டி சானாய் கறியோடு சேராமலே சுமார் 300 கலோரி. நடை முடிந்து நண்பர்களோடு ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால், நடந்ததைப்போல் இரண்டு மடங்கு உள்ளே போய்விடும். எடையைக் குறைப்பது பெரும்பாலும் தட்டில் நடக்கிற வேலை. நடை செய்வது வேறு: சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை, படியேறும்போது மூச்சு. இவையெல்லாம் நிறுவையில் தெரியாது. ஆகவே இம்முறை நிறுவையை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் கிளினிக்கில் மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்க்கும் எச்.பி.ஏ.1.சி. எண்ணைப் பார்க்கலாம். மற்றவர்கள், முன்பு பத்து நிமிடத்தில் எந்த விளக்குக் கம்பம் வரை போனோம், இப்போது எந்தக் கம்பம் வரை போகிறோம் என்று பார்த்தால் போதும்.

பழைய தூரத்துக்குப் போகாதீர்கள்

திரும்பத் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். நிறுத்தியபோது ஐந்து கிலோமீட்டர் நடந்தவர், முதல் நாளே அந்த ஐந்தைத் தேடிப் போவார். மனத்துக்குப் பழைய தூரம் ஞாபகம் இருக்கிறது, முழங்காலுக்கு இல்லை. இரண்டு நாள் வீராப்பாக நடந்து, மூன்றாம் நாள் முட்டி வீங்கி, நான்காம் நாள் சப்பாத்து மறுபடி அடித்தட்டுக்குப் போகும்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அம்மாவுக்கு அப்போது 68 வயது, நீரிழிவு பதினைந்து ஆண்டுகளாக. நான் வற்புறுத்தியதால் ஒரு நாள் ரோஷத்தோடு கிளம்பினார். வீட்டில் போடும் ரப்பர்ச் சிலிப்பரோடு, தாமான் முழுவதையும் இரண்டு சுற்று. "பாத்தியா, இன்னும் கால்ல பலம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். இடது கால் பெருவிரலுக்கு அடியில் கொப்புளம் கண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. பல ஆண்டுச் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. வலித்தால்தானே குனிந்து பார்ப்பார்? நான்கு நாள் கழித்துத் தரையில் ஈரத் தடத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, வாரத்தில் மூன்று நாள் கட்டு மாற்றப் போனோம். விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று ஒரு கட்டத்தில் சொன்னார்கள். அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் அந்த இரண்டு மாதம் நான் அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை, கிளப்பிவிட்டது நான்.

ஆகவே முதல் வாரம் பத்து நிமிடம். வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் போய், ஐந்து நிமிடம் திரும்புவது. இதற்கா சப்பாத்து போட்டோம் என்று தோன்றும் அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஆசை மீதி இருக்கும்போதே வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் இப்படி நடந்து, உடல் ஏற்றுக்கொண்டால், அடுத்தடுத்த வாரங்களில் ஐந்தைந்து நிமிடம் கூட்டலாம். இரண்டு மாதத்துக்குள் நாளுக்கு அரை மணி நேரம் வந்துவிடும். வாரம் ஐந்து நாள் அரை மணி என்றால் 150 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான். 150 முதல் 300 நிமிடம் வரை. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கில் சேரும் என்றார்கள். 2020-இல் வந்த வழிகாட்டியில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்த மூன்று நிமிடமும் கணக்கில் உண்டு.

வேகம் எவ்வளவு? கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். எண்ணிப் பார்க்க விரும்புபவர்களுக்கு, நிமிடத்துக்கு நூறு அடி என்பது பெரும்பாலானோருக்கு மிதமான வேகம்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணும் பலரைச் சோர்ந்துபோக வைக்கிறது. அது மருத்துவர்கள் கண்டுபிடித்த எண் என்று நினைக்கிறோம். 1965-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று காலடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு வைத்த பெயரின் பொருள்தான் "பத்தாயிரம் அடி மானி". 2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பெண்கள் ஏறக்குறைய 17,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணங்கள் தெளிவாகவே குறைவாக இருந்தன. 7,500 அடி அளவில் அந்தப் பலன் சமநிலைக்கு வந்துவிட்டது. வயதானவர் ஒருவர் கைப்பேசியில் 4,000 என்று பார்த்து மனம் சோர்ந்தால், அதை அவரிடம் சொல்லுங்கள்.

முட்டி வலி உள்ளவர்களுக்கு ஒரு சின்ன அளவுகோல். நடந்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி கூடுதலாகவே இருந்தால், அன்று நடந்தது அதிகம். மறுமுறை குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்த வேண்டியதில்லை.

விடியல் நமக்கு ஏழு மணிக்கு

"காலை ஐந்தரைக்கு எழுந்து நடங்கள்" என்று தமிழ்நாட்டு வார இதழ்களிலும் யூடியூப்பிலும் சொல்வதைக் கேட்டுத் தொடங்கியவர்கள் பலர். அங்கே ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். இங்கே தீபகற்பத்தில் சூரியன் எழுவது ஏழு மணியை ஒட்டி, சில மாதங்களில் ஏழரைக்குப் பக்கத்தில். 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். தோட்டத்தில் இருந்த மூத்தவர்களுக்கு அந்த மாற்றம் ஞாபகமிருக்கும். ஆக, நாம் ஐந்தரைக்குக் கிளம்பினால் அது நள்ளிரவுபோல் இருட்டு. தெருநாய், பள்ளம், மோட்டார் சைக்கிளில் வரும் வழிப்பறிக்காரன் என்று எல்லாப் பயத்தையும் சேர்த்துக்கொண்டு நடக்க வேண்டும். ஏழரைக்கு வேலையில் இருக்க வேண்டியவருக்குக் காலை நடை சரிப்படவே சரிப்படாது. அதற்காக அவர் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

அதே கடிகாரம் மாலையில் நமக்கு உதவுகிறது. ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும். வெயில் தணிந்த ஆறேகால், ஆறரை நல்ல நேரம். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மழை அடிக்கடி வரும். அந்த மாதங்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டுக்குள்ளோ, வெளிச்சமான தெருவிலோ பத்து பதினைந்து நிமிடம் நடக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இரண்டாந்தர ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரையை உடனே தசைகள் இழுத்துக்கொள்வதால், சாப்பாட்டுக்குப் பிந்திய குட்டி நடை அவர்களுக்கு மிகவும் பொருத்தமானது.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட, ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு கட்டுங்கள். பேரப்பிள்ளையை டியூஷனில் விட்டதும், சாமி விளக்கு ஏற்றுமுன், இரவுச் சட்டி பானை கழுவியதும். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால், அந்த நேரம் நாடகத்துக்குத்தான் போகும்.

ஒரு நாள் விட்டுப்போனால்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்கச் சொல்லிக் கவனித்தார்கள். 2009-இல் வெளியான அந்த முடிவின்படி, ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாறப் பொதுவாக 66 நாள் அளவு ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று தெரிந்தது. நமக்கு வேண்டிய செய்தி அதற்கும் கீழே இருக்கிறது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று நினைக்கும் வழக்கம் நமக்கு விரதத்திலிருந்து வந்திருக்கலாம். விரதம் முறிந்தால் முறிந்ததுதான். நடை அப்படியல்ல. தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதத்தின் பின்னால் பத்துமலை வரை ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நடந்து, 272 படியும் ஏறுகிறவர், மறு வாரம் ரொட்டி வாங்க முக்குக் கடைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார். நடக்கத் தெம்பில்லை என்று அவரைச் சொல்ல முடியுமா? வேண்டுதலுக்கு ஒரு நாள் இருக்கிறது, சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு எதுவும் இல்லை.

எண்ணிக்கை வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடுவதில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் அளவும் இதுவே, இன்சுலின் விஷயத்தில் மேலே சொன்ன காரணத்தால். மூன்றாம் நாள் மழையானாலும் வீட்டு வரவேற்பறையில் பத்து நிமிடம்.

எப்போது தொடங்கலாம் என்று நல்ல நாள் பார்ப்பதில் தவறில்லை. புது வாரம், புது மாதம், பிறந்த நாள் போன்ற நாள்களை ஒட்டி மனிதர்கள் உடற்பயிற்சிக்கு அதிகம் திரும்புகிறார்கள் என்று 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஆனால் தீபாவளி முடியட்டும், பிறகு பொங்கல் முடியட்டும் என்று போனால் ஆண்டு முடிந்துவிடும். வருகிற திங்கட்கிழமையே போதும்.

எங்கே நடப்பது?

தைப்பிங் ஏரிப் பூங்காவின் மழைமரங்களுக்குக் கீழேயும், பினாங்கு தாவரவியல் பூங்காவிலும், தித்திவங்சா ஏரியைச் சுற்றியும் நடக்கக் கொடுத்துவைத்தவர்கள் நடக்கட்டும். காரில் அரை மணி நேரம் போய் நடக்க வேண்டிய பூங்கா, திரும்பத் தொடங்குபவருக்கு ஆகாது என்பது என் எண்ணம். இருபது நிமிட நடைக்கு ஒரு மணி நேரப் பயணம் என்றால் இரண்டாம் வாரமே சலிப்பு தட்டும். முதல் இரண்டு மாதம் வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் பாதையே நல்லது.

தோட்டத்தில் இன்னும் இருப்பவர்களுக்குத் திடல் இருக்கிறது. முழு அளவுக் காற்பந்துத் திடலின் ஓரமாக மூன்று சுற்று வந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடும் செம்மண் சாலையைவிட இது பாதுகாப்பு. பொழுது சாய்ந்த பிறகு செம்பனைக்குள் போக வேண்டாம். பாம்பைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாமானில் நடைபாதை இல்லையென்றால் எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி, சாலையின் வலப்பக்கமாக நடங்கள். வெளிர்நிறச் சட்டை போடுங்கள். சங்கிலி, கைப்பை வீட்டிலேயே இருக்கட்டும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நீண்ட நடைக்கூடமே பாதை. மழைக்காலத்தில் பேரங்காடிக்குள் ஜன்னல் பார்த்தபடி இரண்டு மாடி சுற்றுவதும் நடைதான், பணப்பையை யாராவது பிடுங்கி வைத்துக்கொண்டால்.

பெண்களுக்குப் பாதையைவிட வீடுதான் தடை. மாலை ஆறரை என்பது சமையல் நேரம், விளக்கு ஏற்றும் நேரம், பிள்ளைகளின் வீட்டுப்பாட நேரம். "போய்ட்டு வாயேன், யார் வேணாம்னா?" என்று கணவர் சோபாவில் இருந்தபடி சொல்வதால் நேரம் கிடைத்துவிடாது. அந்த இருபது நிமிடம் அடுப்பை யார் பார்ப்பார் என்று வீட்டில் பேசி முடிவு செய்தால்தான் அம்மாவின் நடை இரண்டாம் மாதத்தைத் தாண்டும்.

கூட நடக்க ஆள் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். ஆனால் முழுக்க அவரையே நம்பியிருந்தால், அவர் நின்ற நாளில் நீங்களும் நிற்பீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சேர்ந்து, மற்ற நாள் தனியாக என்று வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழுவில் தினமும் 14,000 அடி என்று படம் போடும் நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருக்கிறார். நாம் 2,300-இல் இருக்கும்போது அவருடைய படம் உற்சாகம் தராது. இரண்டு மாதத்துக்கு அந்தக் குழுவின் சத்தத்தை அணைத்து வையுங்கள்.

புகைமூட்டக் காலத்தில் ஐ.பி.யு. எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 100-க்கு மேல் போனால் உடல்நலத்துக்கு ஒவ்வாத நிலை. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் வயதானவர்களும் வெளியே நடக்கக்கூடாது. 200-ஐத் தாண்டினால் யாருமே வேண்டாம். அந்த நாள்களுக்குத்தான் நடைக்கூடமும் வரவேற்பறையும்.

புறப்படும் முன்

நெஞ்சு வலி வந்தவர்கள், இதய நோய், பக்கவாதம் கண்டவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், பாதத்தில் புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சுத்திணறல், மயக்கம், குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே நின்று உட்கார்ந்து உதவி கேளுங்கள். உட்கார்ந்ததும் வலி குறைந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடக்கூடாது. மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கெண்டைக்கால் கொஞ்ச தூரம் நடந்ததும் பிடித்து, நின்றதும் விட்டு, மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கிறதென்றால் அது வயசு வலியாக இல்லாமல் காலுக்கு ரத்தம் போகும் குழாய் சுருங்கியதாக இருக்கலாம். அதையும் சொல்லுங்கள்.

இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நடக்கும்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும். கருவி இருந்தால் முன்னதாகப் பாருங்கள். 5-க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே கிளம்ப வேண்டும். சட்டைப் பையில் இரண்டு மூன்று இனிப்பு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். கை நடுக்கம், திடீர்ப் பசி, வியர்வை, குழப்பம் வந்தால் வாயில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பயம் குறைவு.

பிறகு கால். நீரிழிவு உள்ளவர் வெறுங்காலோடோ சிலிப்பரோடோ நடைக்குப் போகக்கூடாது. சப்பாத்தைப் பிற்பகலுக்கு மேல் வாங்குங்கள். கால் கொஞ்சம் உப்பியிருக்கும் நேரம் அது, அப்போது சரியாக இருப்பது எப்போதும் கடிக்காது. போடுமுன் கையை விட்டு உள்ளே கல், ஆணி, நான் கண்டதுபோல் சிலந்தி இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வந்து காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தை ஒரு கண்ணாடியில் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் யாராவது பார்த்துச் சொல்லட்டும். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு இருந்தால் அது ஆறும்வரை நடை இல்லை.

அம்மாவின் புண் ஆறிய பிறகு இன்னும் ஒரு மாதம் விட்டு, கிளினிக்கில் கேட்டுக்கொண்டு, மறுபடி தொடங்கினோம். இம்முறை சப்பாத்தோடு. முதல் வாரம் நாலு வீடு தள்ளியிருக்கும் விளக்குக் கம்பம் வரைதான் போனார். இதுக்குப் போய் காலுறையா என்று முணுமுணுத்தார். இப்போது சாயங்காலம் இருபது நிமிடம் நடக்கிறார், நானும் கூடவே போகிறேன். தோட்டத்துக் கதைகளை, எந்த நிரையில் யார் வெட்டினார், எந்த மண்டோர் எப்படிப் பேசுவார் என்று சொல்லிக்கொண்டே வருவார். கதை நடுவில் மூச்சு வாங்கி நின்றால் வேகத்தைக் குறைக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் முதலில் கண்ணாடியை எடுத்து அவர் பாதத்தைப் பார்க்கிறேன்.